சிவப்பு மாநிலம் தெரியும், சிவப்பு எச்சரிக்கை தெரியுமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. குற்றம் என்று பார்த்தால் முதல் ஆட்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

2025 நவம்பர் 5 ஆம் திகதி. போயா லீவு. காலை எட்டு மணி தாண்டியதும் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் நிறைந்துவிட்டன. நியூயோர்க்கில் சொஹ்ரான் மம்தானி வென்றுவிட்டார், அந்த நகரத்தின் முதல் முஸ்லிம் மேயர். டயகமயில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருந்த நாங்கள் அதைக் கொண்டாடினோம். மாஷா அல்லாஹ் போட்டோம். ஸ்டேட்டஸ் வைத்தோம். பஸாரில் பிளேன்டீ குடித்தபடி நியூயோர்க் வாக்குகளை எண்ணினோம். அடுத்த நாள் ஆசிரியர் அறையிலும் அதே கதைதான்.

அதே மாதம் 28 ஆம் திகதி டிட்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலைநாடு முழுக்க மண் சரிந்தது. நாட்டில் 600 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. நியூயோர்க் முடிவு வந்த நிமிடமே தெரிந்த எங்களுக்கு, பக்கத்து டிவிஷனில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னால்தான் செய்தி.

பாடசாலை திரும்பத் தொடங்கிய பிறகு, மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டோம். அமெரிக்காவில் சிவப்பு மாநிலம், நீல மாநிலம் என்றால் என்ன? மூன்று நான்கு கைகள் எழுந்தன. ஒரு பையன் அழகாகச் சொன்னான்: "சிவப்பு ட்ரம்ப்ட கட்சி சேர், நீலம் மற்ற கட்சி." சரியான பதில். அடுத்த கேள்வி: மண்சரிவு எச்சரிக்கைக்கு எத்தனை நிறம், எந்த நிறத்துக்கு என்ன செய்ய வேண்டும்? ஒரு கையும் எழவில்லை.

பிள்ளைகளை ஏசவில்லை. நாங்களும் அதைச் சரியாகப் படித்தது டிட்வாவுக்குப் பிறகுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை கொடுக்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். லயத்துக்குப் பின்னால் மலையும் முன்னால் பள்ளமுமாக வாழ்கிற நமக்கு, அல்ஹம்துவும் ஆத்திசூடியும் போல மனப்பாடமாக இருக்க வேண்டியது இது.

அப்படியானால் போனை வாங்கி வைத்துவிடுவோம், அமெரிக்காவும் வேண்டாம், புதுப்பாட்டும் வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு எங்களுக்கு உடன்பாடில்லை.

உலகத்தைக் கேட்பது நம் மலைக்குப் புதிதல்ல. எங்கள் வாப்பா காலத்தில் லயத்திலும் கடையிலும் ரேடியோ ஒன்றுதான். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் பஸார் அமைதியாகிவிடும் என்பார்கள். புதுப்பாட்டு எது என்பது அங்கேதான் தெரியும். உலகச் செய்திக்குப் பி.பி.சி. தமிழோசை. அது 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியோடு வானொலியில் நின்றுபோனது. நாங்கள் கலாசாலையில் படித்த காலத்தில் புதுப்பாட்டு மெமரி கார்டில் வந்தது. இப்போது பிள்ளைகளின் போனிலேயே எல்லாம் வருகிறது. பாட்டு கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விடுவோம். எங்கள் வீடுகள் உட்பட எல்லா வீட்டுப் பிள்ளைகளின் காதிலும் இயர்போன் இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் கதைப்போம்.

அமெரிக்க அரசியல் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. எங்கள் வீடுகளில் பலர் அதைப் பார்க்கத் தொடங்கியது 2023 ஒக்டோபருக்குப் பிறகு, காஸாவுக்காக. அந்த வேதனை நியாயமானது. அதற்கு முன்பே அமெரிக்கா நம் கொழுந்துக் கூடைக்குள் வந்துவிட்டது என்பதை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை.

ஈரான் நம் தேயிலையை நிறைய வாங்கும் நாடுகளில் ஒன்றாக இருந்தது. 2018 இல் ட்ரம்ப் அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து விலகி ஈரான் மீது திரும்பவும் தடை போட்டார். டொலரில் கொடுக்கல் வாங்கல் சிக்கலாகியது. நம் நாடோ ஈரானுக்கு எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலர் வைத்திருந்தது. கடைசியில் 2021 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தக் கடனைக் கழிப்பது. வொஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்து, மலையில் கொழுந்து பறிக்கிற அக்காவின் வேலை வரை வந்து சேர்ந்த கணக்கு இது.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று ட்ரம்ப் அறிவித்தார். ஜூலையில் அது 30 ஆனது, ஓகஸ்ட்டில் 20 ஆக நடைமுறைக்கு வந்தது. நம் ஆடை ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் போவது அமெரிக்காவுக்கு. தோட்டத்திலிருந்து கார்மெண்ட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளை இல்லாத லயம் எத்தனை? எங்கள் ஆசிரியர் அறையில் ட்ரம்பின் பேச்சையும் நடையையும் வைத்துச் சிரித்த நாட்கள் அதிகம். இந்தக் கணக்கை ஒருநாளும் கரும்பலகையில் எழுதவில்லை.

அதாவது, நாம் பார்ப்பது செய்தியை அல்ல. செய்தியைப் பற்றி ஒருவர் கோபமாகக் கதைக்கிற ஒரு நிமிடத் துண்டை. செய்தி என்ன நடந்தது என்று சொல்லும். கருத்து அதைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லும். இந்த வித்தியாசத்தைத் தமிழ்ப் பாடத்திலேயே படிப்பிக்கிறோம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு போனைக் கையில் எடுத்தால் படிப்பித்த எங்களுக்கே மறந்துவிடுகிறது.

பாட்டுக்கும் இதே கதைதான். 2021 மார்ச்சில் 'எஞ்ஜோய் எஞ்சாமி' வந்தது. தீயும் தெருக்குரல் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. எங்கள் பாடசாலையில் அந்தப் பாட்டுக்கு ஆடாத பிள்ளை இல்லை. இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியில் கூட அதுதான். ஒரு மாணவி அறிவின் ராப் பகுதியை மூச்சு விடாமல் பாடுவாள். அவளிடம் கேட்டோம்: "இது யாருடைய கதை தெரியுமா?" "இந்தியாவில நடந்த கதை சேர்" என்றாள்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். திரும்பிப் போனவர்களில் ஒருவர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். போனவர்களின் பேரன் தன் பாட்டியிடம் கதை கேட்டான், பாட்டாக்கினான். உலகமே ஆடியது. போகாமல் இங்கேயே தங்கியவர்களின் பேத்தி, அது தன் அம்மாயியின் கதை என்று தெரியாமலே ஆடினாள். சொல்லிக் கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. நாங்கள் சொல்லவில்லை.

அந்தப் பாட்டு வந்த அதே மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் அதற்கு எதிராக நீதிமன்றம் போயின. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் ஓர் இந்திய இசைச் சஞ்சிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் வரவில்லை. அதைப் பற்றி எங்கள் பிள்ளைகள் போனில் பெரிய சண்டை போட்டார்கள். ஆயிரம் ரூபாவைப் பற்றி வகுப்பில் ஒரு பேச்சும் இல்லை. இத்தனைக்கும் அது அவர்களுடைய அம்மாவின் சம்பளம்.

திரும்பவும் மம்தானிக்கு வருவோம். அவர் அரசியலுக்கு வர முன்பு ராப் பாடியவர் என்பது பலருக்குத் தெரியாது. 'மிஸ்டர் கார்டமம்' என்ற பெயரில், அதாவது ஏலக்காய். 2019 இல் அவர் செய்த பாட்டின் பெயர் 'நானி', பாட்டி என்று அர்த்தம். அறிவுக்கும் பாட்டி, அவருக்கும் பாட்டி. நாங்கள் அவரை முஸ்லிம் என்பதற்காகக் கொண்டாடினோம். அதில் தப்பில்லை, சந்தோஷம்தான். ஆனால் நியூயோர்க் சனங்கள் அவருக்கு வாக்குப் போட்டது வேறு விஷயங்களுக்காக. வீட்டு வாடகையை ஏற்றாமல் நிறுத்துவேன், பஸ்ஸை இலவசமாக்குவேன், பிள்ளை பராமரிப்பைத் தருவேன் என்று தெருத்தெருவாகச் சொன்னார். வாடகை, பஸ், பிள்ளை. இது நம் டயகமயின் கதை இல்லையா? மழை நாளில் தலவாக்கலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

நமக்கும் தேர்தல் நடந்தது. 2025 மே 6. நுவரெலியா பிரதேச சபையைப் பிரித்து 2018 இல் முதன்முறை தேர்தல் நடந்த அக்கரப்பத்தனை பிரதேச சபைதான் நம்முடையது. நம் வட்டாரத்துக்கு யார் உறுப்பினர், கடைசியாக நடந்த சபைக் கூட்டத்தில் என்ன கதைத்தார்கள் என்று கேட்டால், நியூயோர்க் வாக்கை எண்ணிய எங்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? எங்களுக்கும் தெரியாது. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். அமெரிக்காவையும் பாருங்கள், புதுப்பாட்டையும் கேளுங்கள். பார்த்து முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நம் லயத்தில், நம் பஸாரில், நம் ரோட்டில் எங்கே வந்து தொடுகிறது? தொடுகிற இடத்தைக் கண்டுபிடித்தால் அது அறிவு. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அது பொழுதுபோக்கு. அதற்கும் வாழ்க்கையில் இடமுண்டு, ஆனால் டேட்டா காசு முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டாம்.

சில வேலைகளை நாங்களே தொடங்குகிறோம்.

ஒன்று, காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற பிள்ளை ஓர் உலகச் செய்தியும் ஓர் ஊர்ச் செய்தியும் வாசிக்க வேண்டும். ஊர்ச் செய்தியை அவரே விசாரித்து எடுத்து வர வேண்டும்.

இரண்டு, மண்சரிவு எச்சரிக்கையின் மூன்று நிறங்களையும் அதன் அறிகுறிகளையும் பெரிதாக எழுதி ஒட்டுகிறோம். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று ஊற்று கிளம்புவது அல்லது வற்றுவது, மரமும் மின்கம்பமும் சரிவது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் கடையிலும் ஒட்ட உங்கள் அனுமதி வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாயியிடம் அல்லது உம்மும்மாவிடம் ஒரு பாட்டைக் கேட்டுப் போனில் பதிவு செய்து வர வேண்டும். தாலாட்டு, தெம்மாங்கு, காமன் கூத்துப் பாட்டு, எதுவானாலும் சரி. 1947 இல் தலவாக்கலையின் எம்.பி.யாக இருந்த சி.வி.வேலுப்பிள்ளை அந்தக் காலத்திலேயே தோட்டம் தோட்டமாகக் கேட்டு மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். அவரிடம் இந்தப் போன் இல்லை. நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பாடத் தெரிந்த பாட்டிமார்தான் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள்.

அந்த ராப் பாடும் மாணவி தன் அம்மாயியிடம் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டாள். "அம்மாயி முதல்ல வெக்கப்பட்டாங்க சேர், பிறகு நிப்பாட்டவே இல்ல" என்றாள். பதிவு நாற்பது நிமிடம். நாங்கள் இன்னும் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். இந்த வேலை நல்லபடியாக நடக்கத் துஆச் செய்யுங்கள்.