நம்ம வடக்கில் துப்பறிய யாரும் வருவதில்லை

ஐஸ்லாந்துத் தொடர் ‘ட்ராப்டு’ (2015) நம் நண்பர்கள் பலருக்குப் பிடிக்கும். எனக்கும்தான். பனிப்புயலில் துண்டிக்கப்பட்ட துறைமுக ஊர், கடலில் கிடைத்த தலையில்லாத உடல், குடும்பம் சிதைந்த போலீஸ் அதிகாரி ஆண்ட்ரி. முடிச்சு அவிழ அவிழ, விசாரணை ஊர்ப் பெரிய மனிதர்களிடமும் துறைமுக பேரத்திலும் போய் நிற்கும்.

சென்னைக்கும் ஒரு வடக்கு உண்டு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர். துறைமுகமும் உண்டு. ஆனால் இங்கே எடுக்கப்படும் போலீஸ் கதைகளில் விசாரணை பெரும்பாலும் கீழேதான் இறங்குகிறது: ஹவுசிங் போர்டு மாடிப்படி, கேரம் போர்டு, கஞ்சா, கேங். நாயகப் போலீஸின் சாதியை யாரும் சொல்வதில்லை. குற்றவாளியின் தெருவை மட்டும் டிரோன் ஷாட்டில் காட்டுவார்கள். ‘யார் செய்தது?’ என்ற கேள்விக்கே வேலையில்லை. முகவரிதான் வாக்குமூலம்.

இதைக் கற்பனை வறட்சி என்று விட்டுவிட முடியாது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1952இல் ரத்தானது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படும் கண் ரத்தாகவில்லை. ராத்திரி நூலகத்திலிருந்து திரும்பும்போது வண்டியை மறிக்கும் காவலர் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த ஏரியா?” சொன்ன பிறகு ஆய்வாளர் அடையாள அட்டை எடுபடாது.

இங்கே மர்மத்துக்கா பஞ்சம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. வலை, படகு, அலையாத்தி எல்லாம் கறுப்பு. மீனவர்களே வாளியில் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள் சனங்கள். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஊரே சாட்சி. குழாயைக் கடைசியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட்டது யார்? குப்பத்தையும் சேரியையும் ஒட்டி இதையெல்லாம் அனுமதித்தது யார்? ஒரு துப்பறியும் தொடருக்கு வேறென்ன வேண்டும்?

ஃபிராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’ (2021) ஒரு விதிவிலக்கு. அதில் போலீஸ் ஸ்டேஷன்தான் குற்றம் நடக்கும் இடம். சிக்குபவன் ஓர் ஆய்வு மாணவன். என் தூக்கத்தைக் கெடுத்த படம் அது.

அடுத்த வெப் சீரிஸ் எழுதும் தோழரே, இன்ஸ்பெக்டரின் விவாகரத்தை ஒரே எபிசோடில் முடியுங்கள். மீதி ஏழில் அவரை எண்ணூர் கழிமுகத்தில் இறக்கிவிடுங்கள். காலில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கைத் தடம்பிடித்துக் கால்வாயோரமாக மேலே போகட்டும். எந்த ஆலை கேட்டில் அவர் ஜீப்பை நிறுத்துகிறார்கள் என்று பார்ப்போம்.