அந்த பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கய்யா!

கச்சேரி ரிக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு "மிருதங்கக்காரருக்கு இடது கை பத்தல" என்று தீர்ப்பு எழுதும் ரசிகசிகாமணிகளுக்கும், அந்தத் தீர்ப்புக்கு மூலகாரணமான ரிக்கார்டிங்கைச் செய்த புண்ணியவான்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். ஒத்துக்காதவர்கள் இப்போதே ஜகா வாங்கிக்கொள்ளலாம் :-)

நேரில் கேட்கும்போது தொப்பியிலிருந்து கும்கி வயித்துக்குள்ள போய் உட்காருது. அதே கச்சேரியின் ரிக்கார்டிங்கில் அது தகர டப்பாவைத் தட்டின மாதிரி வருது. வித்வான் அதே வித்வான், வாத்தியம் அதே வாத்தியம். நடுவுல என்ன ஆச்சு? நடுவுல ரெண்டு மைக் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு, அதான் ஆச்சு. அந்த வித்வான் நாப்பது வருஷம் சாதகம் பண்ணின கையை, மிக்ஸரில் ஒரு பட்டனை அமுக்க சோம்பேறித்தனப்பட்டவர் காணாமல் ஆக்கிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பாணியைக் கேட்டுக் கத்துக்க நினைக்கிற பையனுக்குக் கிடைக்கப் போறது இந்த டப்பா சத்தம்தான். எனக்குக் கோபம் வர்றது இந்த இடத்துலதான்.

"நாலு மைக் வச்சா நல்லா கேக்கும், எட்டு மைக் வச்சா இன்னும் நல்லா கேக்கும், ஏதாவது கோளாறுன்னா மிக்ஸிங்ல பாத்துக்கலாம்." இந்த மந்திரம் இன்னிக்கு மைக்செட் காரர்லேர்ந்து வீட்டுக்குள்ள ஸ்டுடியோ போட்டிருக்கிற தம்பிகள் வரைக்கும் எல்லார் வாயிலும் இருக்கு. இதைவிடப் பெரிய பொய்யை இந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை.

சரி, அடிப்படையைச் சொல்லிடறேன். ஊஞ்சலை ரெண்டு பேர் தள்றாங்கன்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேரும் சரியான சமயத்துல தள்ளினா ஊஞ்சல் உசரப் போகும். ஒருத்தர் முன்னால தள்ளும்போது இன்னொருத்தர் பின்னால தள்ளினா? நிக்கும். ஃபேஸ் பிரச்சினை இவ்வளவுதான். ஒரே சத்தம் ரெண்டு மைக்குக்கு வேற வேற நேரத்துல போய்ச் சேருது. அதை மிக்ஸரில் கூட்டும்போது சில ஸ்ருதிகள் ஒண்ணுக்கொண்ணு தோள் கொடுக்கும், சிலது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு சாகும்.

சத்தம் காத்துல ஒரு செகண்டுக்கு சுமார் 345 மீட்டர் போகும். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டு மைக்குக்கும் நடுவே அந்த ஒரு அடி வித்தியாசம் இருந்தாலே 500 ஹெர்ட்ஸில் ஒரு குழி, 1500-ல் ஒரு குழி, 2500-ல் ஒண்ணு என்று மேலே போய்க்கிட்டே இருக்கும். கிராஃப் போட்டுப் பார்த்தா சீப்புப் பல் மாதிரி இருக்கும். அதனாலதான் இதுக்குப் பேரே கோம்ப் ஃபில்டர். ரெண்டு மைக்கிலும் சத்தம் சமமா இருந்தா மேடுகளில் 6 டெசிபல் ஏறும், குழிகளில் சுத்தமா ஒண்ணுமே இருக்காது.

"ஒண்ணுமே இருக்காது" என்பதை அடிக்கோடு போட்டுப் படிங்க. ஏன்னா நம்ம ஆளுங்க உடனே ஈக்யூவில் கை வைப்பாங்க. 500-ல் குறையுதா, 500-ஐ 12 டெசிபல் ஏத்து! பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான் சாமி. ஏத்தின 12 டெசிபலுக்கு அக்கம்பக்கத்து ஸ்ருதிகளும் ஏ.சி. இரைச்சலும்தான் வீங்கி வரும். காணாமல் போனது போனதுதான்.

இங்கே இன்னொரு குழப்பம். போலாரிட்டி வேற, ஃபேஸ் வேற. மிக்ஸரில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். ஃபேஸ் பட்டன்னு சொல்லுவாங்க. அது செய்யற வேலை போலாரிட்டியை மாத்துறது, அதாவது அலையைத் தலைகீழாக் கவிழ்க்கிறது. நேரத்தை அது ஒரு துளிகூட நகர்த்தாது. ஃபேஸ் என்பது நேர வித்தியாசத்தால் வர்றது, ஒவ்வொரு ஸ்ருதிக்கும் ஒவ்வொரு அளவா இருக்கும். அதனால பட்டனை அமுக்கினா எல்லாம் சரியாயிடாது. குழிகள் வேற இடத்துக்கு நகரும். எந்த இடத்துல குழி இருந்தா வாத்தியத்துக்குக் கேடு கம்மின்னு பாத்து முடிவு பண்ணணும். அதுக்குக் காது வேணும்.

இப்ப மிருதங்கத்துக்கு வருவோம். வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக். இது இன்னிக்கு வழக்கமாகிப் போச்சு. தொப்பியில அடிக்கும்போது தோல் உள்ளே போகுது, அந்தப் பக்கத்து மைக்கை விட்டு விலகிப் போகுது. உள்ளே அடைபட்ட காத்து வலந்தலைத் தோலை வெளியே தள்ளுது, அது அந்தப் பக்கத்து மைக்கை நோக்கி வருது. ஒரே அடி, ஒரு மைக்குக்கு இழுப்பு, இன்னொண்ணுக்குத் தள்ளல். கீழ் ஸ்ருதிகளில் ரெண்டும் எதிரும் புதிருமா நிக்குது. ரெண்டையும் அப்படியே கூட்டினா முதலில் சாகறது எது? கும்கிதான். மேல் ஸ்ருதியில இருக்கிற 'டிக் டிக்' சத்தம் பிழைச்சுக்கும், அதனால நம்ம ஆளுக்கு 'கிளியரா இருக்கே' என்று திருப்தி வேற!

டிரம்ஸ் ரிக்கார்ட் பண்றவங்க ஸ்னேருக்கு மேலயும் கீழயும் மைக் வச்சா கீழ் மைக்கைக் கவிழ்த்துப் பார்ப்பது அன்றாட வேலை. பல் தேய்க்கிற மாதிரி. நம்ம ஊரில் ரெண்டு முகம் உள்ள வாத்தியத்தை வச்சுக்கிட்டு அந்தப் பட்டன் எதுக்குன்னே கேக்காம எத்தனை பேர் காலம் தள்றாங்க! ரெண்டு மைக்கையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவாங்க, மோனோவில் போடுங்க, வித்வானைத் தொப்பியில மட்டும் நாலு தட்டு தட்டச் சொல்லுங்க, பட்டனை அமுக்குங்க, எடுங்க. எது கனமா இருக்கோ அது. முப்பது செகண்ட் வேலை. அதுக்கப்புறமும் வித்தியாசம் தெரியலைன்னா மைக்கை நாலு விரல்கடை நகர்த்திட்டு மறுபடி. நான் ஒரு சபாவில் இதை ஒலி பார்க்கிறவரிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், நீங்க போய் உக்காந்து கச்சேரி கேளுங்க" என்று பதில் வந்தது. கேட்டேன். ரெண்டரை மணி நேரம் டிக் டிக்.

அடுத்த வில்லன் கேபிள். எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் மூணு கால். 1 எர்த், 2 ஹாட், 3 கோல்ட். அவசரத்துல சால்டர் வைக்கிற தம்பி 2-ஐயும் 3-ஐயும் மாத்திட்டா அந்த மைக் கவிழ்ந்துடும். கொடுமை என்னன்னா, தனியாக் கேட்டா ஒரு குறையும் தெரியாது. 48 வோல்ட் பான்டம் பவர் ரெண்டு காலிலும் சமமாப் போறதால கண்டென்சர் மைக்கும் ஜம்முன்னு வேலை செய்யும். ஹம்மும் வராது. ஆனா பக்கத்து மைக்கோட சேர்ந்த உடனே வேலையைக் காட்டும். ஒரே மாடல் மைக் ரெண்டு எடுத்து ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு 'ஹலோ செக்' சொல்லுங்க. ரெண்டாவது ஃபேடரை ஏத்தும்போது குரல் கனத்தா கேபிள் சரி. மெலிஞ்சு போனா ஒண்ணு கவிழ்ந்திருக்கு. மூட்டை கேபிளையும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சோதிச்சு, தப்பானதுக்கு சிவப்பு டேப் சுத்திடலாம். யார் செய்றா?

வீணைக்கு வேற ரகம். பிக்கப் ஒண்ணு உடம்போட ஒட்டியிருக்கும், கூடவே 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மைக். பிக்கப்புக்கு சத்தம் உடனே வந்துடும். மைக்குக்குக் கிட்டத்தட்ட 1.16 மில்லி செகண்ட் கழிச்சுத்தான் வரும். கூட்டினா 430 ஹெர்ட்ஸ் பக்கம் முதல் குழி. மனுஷக் குரல் மாதிரி பேசவேண்டிய வாத்தியத்துக்கு நெஞ்சுலயே குழி. 48 கிலோஹெர்ட்ஸில் ரிக்கார்ட் பண்ணியிருந்தா பிக்கப் டிராக்கை சுமார் 56 சாம்பிள் பின்னால தள்ளணும், அப்புறம் பட்டனையும் கவிழ்த்துப் பாக்கணும். டிஜிட்டல் மிக்ஸரா இருந்தா மேடையிலேயே அந்த சேனலுக்கு டிலே போட்டுடலாம். இது சரிசெய்யக்கூடிய கேஸ். ஒரே வாத்தியம், ரெண்டு மைக், ஒரே ஒரு தூரம்.

"பாத்தீங்களா, மிக்ஸிங்ல சரி பண்ணலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்று துள்ளாதீங்க. மேடையில ரெண்டு பேர் இருந்தா இந்தக் கணக்கு உடையும். பாடகர் மைக்குக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர். மிருதங்க சத்தம் பாடகர் மைக்குக்கு சுமார் 4 மில்லி செகண்ட் தாமதமா வரும். பாட்டு மிருதங்க மைக்குக்கு அதே 4 தாமதமா வரும். நீங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து மிருதங்க டிராக்கை 4 பின்னால தள்ளி மிருதங்கத்தைச் சேர்த்துட்டீங்க, சபாஷ். பாட்டு? அது ஏற்கெனவே 4 தாமதம், இப்ப 8. ஒண்ணைச் சேர்த்தா இன்னொண்ணு விலகும். முன்னால இழுத்தா அதுக்கு நேர்மாறு. எந்தப் பக்கம் தள்ளினாலும் ரெண்டும் சேராது. ஆட்டோ-அலைன் மாதிரி பிளக்-இன் எல்லாம் ஒரே சத்தத்தைப் பிடிச்ச மைக்குகளுக்கு அருமையான சாமான்தான், ஆனா இந்தக் கணக்கை அதாலயும் மாத்த முடியாது. இதுக்கு வைத்தியம் மேடையில, மைக் வைக்கிற நேரத்துல மட்டும்தான்.

அதுக்குத்தான் மூணுக்கு ஒண்ணு என்று ஒரு பழைய விதி இருக்கு. மைக் வாய்க்கு 15 சென்டிமீட்டர்ல இருந்தா, அடுத்தவரோட மைக் அந்த மைக்கிலேர்ந்து குறைஞ்சது 45-ல் இருக்கணும். மூணு மடங்கு தூரம்னா சத்தம் 9.5 டெசிபல் குறையும். சுமார் 10 டெசிபல் குறைஞ்சு வர்ற சத்தம் அதிகபட்சம் 2.4 டெசிபல் மேடும் 3.3 டெசிபல் பள்ளமும்தான் போடும், சமாளிச்சுக்கலாம். ஆனா இந்த விதி ரெண்டு மைக்குக்கும் ஒரே கெயின் இருந்தாத்தான் செல்லும். நம்ம பாடகர்கள் அரை மீட்டர் பின்னால சாஞ்சுக்கிட்டு "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று கை காட்டுவாங்க. ஏத்தினா மிருதங்கமும் அந்த மைக்குல சேர்ந்து ஏறும். விதி காலி. தப்பு ஒலி பார்க்கிறவர் மேல மட்டும் இல்லை, வித்வான்களே!

(இடைச்செருகல்: தலைவர்கள் பேட்டியில மேஜைமேல இருபது சேனல் மைக் இருக்கே, அங்கே ஏன் இந்தப் பிரச்சினை இல்லைன்னு ஒரு நண்பர் கேட்டார். அந்த மைக் ஒவ்வொண்ணும் தனித்தனி கேமராவுக்குப் போகுது, யாரும் கூட்டறதில்லை. கூட்டினாத்தான் வம்பு. அதே தலைவர் மேடையில ரெட்டை மைக் முன்னால தலையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது குரல் உஷ் உஷ்னு நிறம் மாறுதே, அதுதான் இது.)

"வெள்ளைக்காரன் டிரம்ஸுக்கு மட்டும் பன்னெண்டு மைக் வைக்கிறானே?" வைக்கிறான். அதுக்காக மணிக்கணக்குல உக்காந்து ஒவ்வொரு ஜோடியையும் கவிழ்த்துக் கேக்கறான். அதே ஊர்லதான் 1968-ல் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை எடுத்த கிளின் ஜான்ஸும் இருந்தார். அவர் பேரால் வழங்குற முறையில டிரம்ஸுக்கு மூணு நாலு மைக்தான். மேல் மைக் ரெண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்துல இருக்கணும், அளந்து வைக்கணும். உங்களுக்கு சபாவில் கிடைக்கிறது பத்து நிமிஷம், அதுலயும் அஞ்சு நிமிஷம் தம்பூரா பெட்டிக்கு பிளக் பாயின்ட் தேடறதுல போயிடும். அந்தப் பத்து நிமிஷத்துல எட்டு மைக்கைச் சரிபார்க்க பிரம்மாவாலயும் முடியாது. அப்ப நாலு மைக்கோட நிறுத்துங்களேன்! திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை ரெண்டு மடங்கானா, ஊளையிடறதுக்கு முன்னால கிடைக்கிற சத்தமும் 3 டெசிபல் குறையும். கணக்குப் பார்த்தாலும் கம்மி மைக்தான் லாபம்.

அதுக்காக 'ஒரே ஜோடி மைக் போதும், ஆலன் புளூம்லைன் 1931-லயே சொல்லிட்டார்' கோஷ்டியிலும் நான் இல்லை. ரெண்டு கேப்ஸ்யூலையும் ஒரே இடத்துல வச்சா நேர வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும், மோனோவிலும் கெடாது, உண்மை. ஒலிபெருக்கி இல்லாத சின்னக் கூடத்துல அதைவிட அழகு வேற இல்லை. ஆனா ஸ்பீக்கர் முழங்கற பெரிய ஹாலில் அந்த ஜோடி மைக் பிடிக்கறது ஸ்பீக்கரைத்தான்.

கடைசியா ஹெட்ஃபோன் வீரர்கள். ரெண்டு மைக்கையும் லெஃப்ட் ரைட்னு இழுத்து வச்சுட்டு "நல்லா விரிஞ்சு கேக்குது" என்பாங்க. ஹெட்ஃபோனில் ரெண்டும் சந்திக்கறதே இல்லை, அப்புறம் எப்படித் தெரியும்? சமையலறையில வச்சிருக்கிற ஒத்தை புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்க, அப்ப சந்திக்கும். அப்புறம் பின்வரிசை ரசிகர் போன்ல எடுத்தது உங்களோடதை விட நல்லா இருக்குன்னா ஆச்சரியப்படாதீங்க.

சரி, கையில இருக்கிற பழைய ரிக்கார்டிங்கை என்ன செய்யறது? மிக்ஸரிலேர்ந்து கூட்டி வந்த ஒத்தை டிராக்னா அதோட விதி முடிஞ்சுது. ஸ்டீரியோ ஃபைல்னு ஒரு பக்கத்தை மட்டும் கவிழ்த்துடாதீங்க, நடுவில இருக்கிற பாட்டு மோனோவில் காணாமப் போயிடும். ஒவ்வொரு மைக்கும் தனி டிராக்கா இருந்தா மட்டும் உட்காருங்க. இப்ப பல டிஜிட்டல் மிக்ஸர்களில் யு.எஸ்.பி. வழியா அப்படி எடுக்கலாம். அந்த ஹார்ட் டிஸ்க்கை அடுத்த சீசனுக்கு இடம் பத்தலைன்னு அழிச்சுடாதீங்க. ஆடாசிட்டியிலயே இன்வெர்ட் இருக்கு, காசு கிடையாது. முதல்ல தொப்பி டிராக்.