பணியவா? படிக்கவா?

எழுத்துப் பிறந்த நாளில் வானம் தினையை மழையாகப் பொழிந்ததாம். அன்று இரவெல்லாம் பேய்கள் ஓலமிட்டு அழுதனவாம். சீன நாட்டுப் பழங்கதை இது. நான்கு கண் படைத்த சாங்ஜியே என்பவன், பறவைகளின் காலடித் தடத்தைக் கண்டு எழுத்தை உண்டாக்கினானாம். அந்நாளில் நடந்த விந்தைகளாம் இவை!

நான்கு கண்ணும் கற்பனை; தினை மழையும் கற்பனை. ஆயினும், பேய்கள் அழுதன என்றானே, அந்தக் கதை கட்டியவன் கருத்தில்லாமல் கட்டவில்லை. பேய் ஏன் அழவேண்டும்? படிக்கத் தெரிந்தவன் கேள்வி கேட்பான்; கேள்வி நுழைந்த வீட்டில் பேய்க்குக் குடியிருப்பில்லை. அது தெரிந்துதான் அழுதது!

அழுத பேய் ஓடி ஒழிந்ததா? இல்லை, தோழர்களே! வெளியே நின்று அழுவதைவிட, எழுத்துக்குள்ளேயே புகுந்துகொள்வது நல்ல பிழைப்பு என்று கண்டுகொண்டது. படிக்கவேண்டிய பொருள், பணியவேண்டிய பொருளாயிற்று. எழுத்துள்ள தாளை மிதிக்கலாகாது, குப்பையில் எறியலாகாது, தனியே திரட்டி, அதற்கென்றே கட்டிய உலையில் இட்டு எரிக்கவேண்டும் என்று சீனத்தில் வழக்கம் வகுத்தனர். தாளுக்கு அத்துணை மரியாதை! அந்தத் தாளைத் திரட்டிச் சுமந்த கூலியாளுக்கு, அதில் எழுதியிருந்தது என்னவென்று தெரியுமா? 1949-ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறியாதவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தாளுக்கு ஈமச் சடங்கு. மனிதனுக்குத் தற்குறிப் பட்டம்!

எழுத அறிந்த சிலர் நிலையேனும் உயர்ந்ததா? அரசுப் பதவிக்கு வாயிலாக இருந்த தேர்வுமுறை 1905-இல்தான் ஒழிந்தது. சிங் மரபினர் ஆட்சியில், அரண்மனைத் தேர்வில் கருத்தோடு கையெழுத்தின் அழகும் எடைபோடப்பட்டது. லூ சுன் 1919-இல் வெளியிட்ட சிறுகதை ஒன்றில் கோங் யிஜி என்றொருவன் வருகிறான். தேர்வில் தேறாதவன், கந்தல் அங்கி, கடனுக்கு மது, சிறு திருட்டு, அடி, இறுதியில் முறிந்த கால்கள். அத்தகையவன் மதுக்கடைச் சிறுவனிடம் பேசும் பெருமை என்ன? ஓர் எழுத்தை நான்கு வகையாக எழுதத் தனக்குத் தெரியுமாம்! சோற்றுக்கு ஒரு வழி தெரியாதவனுக்கு, எழுத்துக்கு நான்கு வழி தெரியும்! பேய் புகுந்த எழுத்து மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இந்தப் பேயை வெளியே இழுத்துப் போட முனைந்தவர்கள், சென்ற நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சீனக் கலைஞர் சிலர். ஓவியக் கூடத்துச் செய்தி நமக்கு எதற்கு என்று நம் இளைஞர்கள் ஒதுக்கிவிடலாகாது. பகுத்தறிவாளன் மேடையில் நின்று செய்யும் வேலையை, மையும் தாளும் கொண்டு செய்தவர்கள் அவர்கள்.

1988 அக்டோபரில், பெய்ஜிங் நகரின் சீனக் கலைக்கூடத்தில், சூ பிங் என்னும் இளைஞர் ஒரு காட்சி அமைத்தார். உத்தரத்திலிருந்து நீண்ட தாள்சுருள்கள் அலையலையாகத் தொங்கின. சுவர்களில் அச்சிட்ட தாள்கள். கீழே, பழைய முறையில் தைத்துக் கட்டிய நூல்கள் விரிந்து கிடந்தன. சுங் மரபுக் காலத்து அச்செழுத்தின் சாயல். நுழைந்தவனைத் தானே குரல் தாழ்த்தச் செய்யும் தோற்றம். அருகில் சென்று படிக்க முயன்றால், ஓர் எழுத்தும் படிக்க முடியாது! ஏறத்தாழ 4,000 எழுத்துகள். அத்தனையும் சூ பிங் தாமே புனைந்து, மரக்கட்டையில் ஒவ்வொன்றாகத் தம் கையால் செதுக்கியவை. எந்த அகராதியிலும் இல்லாதவை. ஒலியும் இல்லை, பொருளும் இல்லை. 'வானத்து நூல்' என்று அதற்குப் பெயர். சீனப் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு, ஒன்றும் விளங்காத எழுத்து என்றும் பொருள் உண்டு! படித்த பெருமக்கள், தெரிந்த எழுத்து ஒன்றேனும் அகப்படாதா என்று தேடித் தேடி அலுத்தனர்.

எத்தகைய அடி இது! தெரியாத எழுத்தின்முன் கைகட்டி நிற்பது எப்படி இருக்கும் என்பதை உழவன் தலைமுறை தலைமுறையாக அறிவான். பேராசிரியர் அன்றுதான் அறிந்தார். பாமரரும் பண்டிதரும் ஒரே வரிசையில் நின்ற நூல் உலகில் வேறு உண்டோ? மற்றொரு பாடமும் அங்கே கிடைத்தது. புனிதத் தோற்றம் அமைக்கப் பொருள் தேவையே இல்லை! பழைய வடிவம், நல்ல தாள், உயர்ந்த இடம், ஆழ்ந்த அமைதி, இவை போதும். உள்ளே ஒன்றுமில்லாவிடினும் தலை தானே தாழ்கிறது. ஆண்டுக்கணக்கில் மெய்வருத்தி ஒரு பொய்நூல் செய்து, மெய்நூல் என்று மிரட்டுவனவற்றின் முகத்திரையைக் கிழித்துவிட்டார் அவர்.

பொழுதுபோக்காகச் செய்தவர் அல்லர் சூ பிங். 1955-இல் பிறந்தவர், பெற்றோர் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். அவர் எழுத்துக் கற்ற காலத்தில், அரசு எழுத்துகளை எளிமையாக்கி வந்தது. எழுத்தறிவு பரவ உதவிய நல்ல பணிதான் அது. ஆனால், 1977-இல் அறிவித்த இரண்டாம் திருத்தத்தை 1986-இல் அரசே திரும்பப் பெற்றது. நேற்றுச் சரி, இன்று பிழை. இன்று பிழை, நாளைச் சரி! எழுத்து வானத்திலிருந்து இறங்கியதன்று, மனிதன் ஆணையிட்டால் மாறுவது என்பதைத் தம் கண்முன்னே கண்ட தலைமுறை அது. 1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதும், சுவர்தோறும் பெரிய எழுத்து அறிக்கைகள். அவ்வெழுத்தால் தூக்கி நிறுத்தப்பட்டவர் சிலர். தூற்றி வீழ்த்தப்பட்டவர் பலர். சூ பிங்கின் தந்தையும் தூற்றப்பட்டவருள் ஒருவர். எழுத்து வாளாகவும் இருக்கும் என்பதைக் குடும்பத்தில் பட்டு உணர்ந்தவர் செய்த நூல், 'வானத்து நூல்'.

பழமைக்குக் காவலிருப்போரும், கட்சிக்குக் காவலிருப்போரும் சும்மா இருப்பார்களா? 1990-இல் எதிர்ப்பு எழுந்தது. இருளில் பேயிடம் சிக்கியவன் இல்லாத சுவரைச் சுற்றிச் சுற்றி வருவதுபோன்ற வீண்வேலை என்றார் ஒரு திறனாய்வாளர். சூ பிங் என்ன செய்தார்? சீனப் பெருஞ்சுவரின் ஒரு பகுதியைத் தாளில் மை ஒற்றிப் படியெடுத்து, அந்தப் படைப்புக்கு அவ்வசையையே பெயராகச் சூட்டினார்! அதே 1990-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

பொருளற்ற எழுத்தால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டவர்களை நாம் திருப்பிக் கேட்போம். பொருளுள்ள எழுத்தை மக்கள் எழுதியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? 1978-79-இல் பெய்ஜிங்கின் சிதான் தெருச் சுவரில், மக்கள் தம் குறைகளையும் கோரிக்கைகளையும் எழுதி ஒட்டினர். சுவர் மூடப்பட்டது, சுவரொட்டி எழுதும் உரிமை 1980-இல் அரசியல் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. பொருளோடு எழுதினால் குற்றம். பொருளின்றி எழுதினால் வீண்! பின் எதைத்தான் எழுதுவது? புகழ்மாலையையா?

இனி, எழுத்துக்கலையின் முடிமணி என்று போற்றப்படும் ஒன்றைப் பார்ப்போம். கி.பி. 353-இல் வாங் ஷிஜி எழுதிய 'லாந்திங்' முன்னுரை. 324 எழுத்து. அந்நாட்டில் தூரிகை பிடிப்போர் நூற்றாண்டுகளாக அதைப் பார்த்து எழுதிப் பழகினர். அதன் மூலத்தாள் எங்கே? தாங் மரபுப் பேரரசன் தாய்சோங்கின் கல்லறையில் அவனோடு புதைக்கப்பட்டது என்கிறது மரபு. இன்று இருப்பவை எல்லாம் நகல்கள். அதை எழுதியவர் வாங் ஷிஜிதானா என்றே 1965-இல் அறிஞர் குவோ மோருவோ ஐயம் எழுப்பினார். காணாத மூலத்துக்குக் கணக்கற்ற வணக்கம்!

சியூ ஜிஜியே என்னும் கலைஞர், 1990 முதல் 1995 வரை, இந்த முன்னுரையை ஆயிரம் முறை எழுதினார். வெவ்வேறு தாள்களிலா? இல்லை, ஒரே தாளில், எழுதியதன் மேலேயே எழுதினார். ஆயிரம் முறை முடிந்தபோது எஞ்சியது என்ன? முழுக் கறுப்பு! எழுத்தும் இல்லை, அழகும் இல்லை, அறிவும் இல்லை. கேள்வி கேளாமல் பார்த்து எழுதும் கல்வியின் முடிவு இதுதான் என்பதை ஒரு தாளில் காட்டிவிட்டார். ஆசிரியத் தொழில் செய்பவன் நான். மனப்பாடமே கல்வி, படியெடுப்பதே பயிற்சி என்று வாதாடுவோர் முன், அந்தக் கறுப்புத் தாளை விரித்துக் காட்ட விரும்புகிறேன்.

இங்கே கலை நயம் பேசுவோர் குறுக்கிடுவர். "பொருள் எதற்கு? கோட்டின் ஓட்டத்தைப் பாருங்கள், மையின் குழைவைப் பாருங்கள்" என்பர். கோட்டில் அழகு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அழகுக்குக் காவலர் யார்? எவன் எழுதினால் கலை, எவன் எழுதினால் கறை என்று தீர்ப்பளிப்பது யார்?

ஹாங்காங்கில் சாங் சௌசோய் என்றொரு தொழிலாளி இருந்தார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. கழிவு நிலையத்தில் வேலை. பிற்காலத்தில் ஊன்றுகோல் துணையில்லாமல் நடக்கமுடியாத உடல். 1950-களின் நடுவில் தூரிகையை எடுத்தார். கௌலூன் நிலம் தம் முன்னோருடையது, தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்று தெருச் சுவர்களிலும், மின்கம்பங்களிலும், பாலத் தூண்களிலும் எழுதினார். முன்னோர் பெயர்களை வரிசையாக எழுதினார். நிலத்தை ஆண்ட இங்கிலாந்து அரசியை வைது எழுதினார். அரசு ஊழியர் பகலில் வண்ணம் பூசி அழிப்பர். அவர் மறுபடி வந்து எழுதுவார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு! பித்தன் என்றனர் சிலர். குற்றவாளி என்றது அரசு. இது எழுத்துக்கலையே அன்று என்றனர் பண்டிதர். 1997-இல் அவர் எழுத்தைக் காட்சிக்கு வைத்தனர்; 2003-இல் வெனிஸ் நகரத்துப் பன்னாட்டுக் கலைக்காட்சிவரை அது சென்றது. 2007-இல் அவர் மறைந்தார். சிம் ஷா சுய் படகுத்துறைத் தூண் ஒன்றில் எஞ்சிய எழுத்துக்கு இன்று கண்ணாடிபோன்ற மூடி போட்டுக் காவல்! எழுதிய கைக்கு எச்சரிக்கை. எழுதி ஓய்ந்த பின் எழுத்துக்குப் பாதுகாப்பு!

அவருடைய நில உரிமைக் கணக்குச் சரியா, தவறா என்பதல்ல கேள்வி. எழுத்து ஏழையின் கைக்கு வந்தால் அழுக்கு, ஏலக் கூடத்துக்கு வந்தால் அழகு என்கிற அறம் எங்கே பிறந்தது என்பதே கேள்வி.

ஏழைக்கே இந்நிலை என்றால் பெண்ணுக்கு? ஹூனான் மாநிலத்து ஜியாங்யோங் பகுதியைப் பாருங்கள். ஆண்கள் கற்ற எழுத்து அங்கே பெண்களுக்கு எட்டவில்லை. அவர்கள் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. தமக்கென்று ஓர் எழுத்தை வளர்த்துக்கொண்டனர். நூஷு, பெண்ணெழுத்து, என்பது அதன் பெயர். விசிறியிலும் துணியிலும் எழுதினர். மணமாகிச் செல்லும் தோழிக்கு, மூன்றாம் நாள் அனுப்பும் சிறு நூலில் தம் துயரை எழுதினர். தாயும் தோழியும் கற்பிக்க வழிவழியாக அதைக் கற்றவருள் கடைசியானவர் என்று கருதப்பட்ட மூதாட்டி யாங் ஹுவான்யி 2004-இல் மறைந்தார். அதே மாநிலத்தில் பிறந்த தாவ் ஐமின் என்னும் பெண் கலைஞர், சிற்றூர்ப் பெண்கள் துணி துவைத்துத் துவைத்துத் தேய்ந்த மரப்பலகைகளைத் திரட்டினார். அவற்றின் வரிகளை மையில் ஒற்றித் தாளில் பதித்தார். அவற்றோடு பெண்ணெழுத்தையும் சேர்த்தார். பலகையின் தேய்மானமே ஒரு வாழ்க்கை வரலாறு! எழுதவிடாமல் தடுத்தீர், நாங்கள் தேய்ந்த தேய்வே எழுத்தாயிற்று என்று அந்தப் பலகைகள் சொல்லவில்லையா?

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். பழைய எழுத்தை வணங்காதே என்று காட்டிய படைப்புகளையே இன்று கண்காட்சிக் கூடங்களில் வணங்கத் தொடங்கிவிட்டனர். கீழைநாட்டு மறைபொருள் என்று வியக்கின்றனர், விலை பேசுகின்றனர். பேய்க்குப் புதிய வீடு! படைத்தவரையும் தொழாதீர், படைப்பையும் தொழாதீர். அதில் உள்ள கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சூ பிங்கே அந்த வழியில் மேலும் நடந்தார். 1994-இல் ஒரு புதுமுறை கண்டார். பார்வைக்குச் சீன எழுத்து. உற்று நோக்கினால், ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சதுரத்துக்குள் அடுக்கியது! கலைக்கூடத்தையே வகுப்பறையாக்கி, மேசையும் தூரிகையும் பயிற்சிச் சுவடியும் வைத்தார். தமக்கு எந்நாளும் விளங்காது என்று எண்ணி வந்தவர்கள், தாம் படித்துக்கொண்டிருப்பதை உணர்ந்து வியந்தனர். 2003 முதல் விமான நிலையக் குறிகள் போன்ற படக்குறிகளைத் திரட்டி, அவற்றாலேயே ஒரு கதை அமைத்தார். அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவனின் ஒரு நாள் வாழ்க்கை. 2012-இல் அது நூலாக வந்தது. எந்த மொழிக்காரரும் படிக்கலாம். அதற்கு அவர் இட்ட பெயர் 'நிலத்து நூல்'. எவரும் படிக்கமுடியாத வானத்திலிருந்து, எவரும் படிக்கக்கூடிய நிலத்துக்கு! கலை நடக்கவேண்டிய திசை அதுவே. கல்வி நடக்கவேண்டிய திசையும் அதுவே.

ஆகவே, இளைஞர்காள்! எந்த ஏடு உங்கள்முன் நீட்டப்பட்டாலும், அதன் பழமை கண்டு மயங்காதீர். அழகு கண்டு அடங்காதீர். மூன்று கேள்வி கேளுங்கள். இதன் பொருள் என்ன? இதை எழுதியவன் யார்? இதை எழுதவும் படிக்கவும் எவருக்கு உரிமை மறுக்கப்பட்டது? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் போற்றத்தக்கதாயின் போற்றுங்கள், இல்லையேல் புறந்தள்ளுங்கள். எழுதத் தெரியாத ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் கையில் எழுதுகோலைக் கொடுங்கள். அவர் எழுதும் முதல் எழுத்து கோணலாக இருக்கலாம், இருக்கட்டும்.

பேய்கள் அழட்டும்!