காலும் கால எல்லையும்

இணுவிலில் எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இருக்கிறார். செம்மண் தோட்டத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். காங்கேசன்துறை வீதியில் சைக்கிளில் வந்தவரை லொறியொன்று மோதியதில், முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற வேண்டியதாயிற்று. பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்தனர். சாரதி நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்திவிட்டுப் போனார். வழக்கு முடிந்துவிட்டது என்றே வீட்டார் நம்பியிருந்தனர். நட்டஈட்டுக்குத் தனி வழக்கு உண்டென யாரோ சொல்லி, அவர்கள் சட்டத்தரணியிடம் போனபோது விபத்து நடந்து இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் கடந்திருந்தன. அவர் கோவையை ஒருமுறை புரட்டிவிட்டு மூடிவைத்தார்.

காரணம், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி, காயத்துக்கும் இழப்புக்கும் நட்டஈடு கோரும் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். பொலிஸ் வழக்கு நடக்கிறதே என்று அந்த நாட்கள் காத்திருப்பதில்லை. நீதவான் நீதிமன்றில் சாரதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அரசு. இழந்த உழைப்பையும் பட்ட வேதனையையும் கணக்கிட்டு மாவட்ட நீதிமன்றில் கேட்க வேண்டியவர் காயப்பட்டவரே. அரச அதிகாரியின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் செல்வதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரே மாதம். ஒரு மாதத்தில் வெட்டிய புண்ணே ஆறாது!

எங்கள் மக்கள் ஏன் வழக்கை நினைப்பதில்லை? போர்தான் காரணம் என்பேன். ஷெல்லாலும் மிதிவெடியாலும் கால் போனபோது எவர்மீது வழக்குத் தொடுப்பது? 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் பொய்க்கால் தந்தது. குந்தியிருக்கவும் வரம்பில் நடக்கவும் தோதான அந்தக் காலோடு மனிதர் மீண்டும் தோட்டத்துக்கு இறங்கினர். பெரும் பணி அது, மறுப்பதற்கில்லை. ஆனால் கால் கிடைக்கும், நீதி கிடைக்காது என்ற பழக்கம் எங்களுக்குள் ஊறிவிட்டது.

இன்றைய காரணங்கள் வேறு. நீரிழிவு ஆறாப் புண்ணில் தொடங்கிக் காலைக் கேட்கிறது. புகைப்பழக்கம் இரத்தக் குழாய்களை அடைக்கிறது (புகையிலையை விளைவித்தவர்கள் நாங்கள்தான்). இவற்றுக்கு நீதிமன்றில் பெரும்பாலும் வழியில்லை. வீதி விபத்துக்கு உண்டு. வேலைத்தலத்தில் இயந்திரம் கையைக் கொண்டுபோனால், 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. 2023 செப்டெம்பரில் யாழ். போதனா வைத்தியசாலையில் எட்டு வயதுச் சிறுமியொருவரின் கை அகற்றப்பட்டபோது ஊரெல்லாம் பேசியது, விடயம் நீதிமன்றுக்கும் போனது. பேசப்படாத ஏனையோருக்கு நாள் கடந்துகொண்டிருக்கிறது.

விடுதியை விட்டு அனுப்பும்போது மருந்துத் துண்டோடு தமிழில் ஒரு தாளும் கொடுக்கலாமே. இரண்டு ஆண்டு, ஒரு மாதம் என்ற கணக்கும், வசதியற்றோருக்காக 1978இல் சட்டமாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலக முகவரியும் அதில் இருந்தால் போதும். பொய்க்காலுக்குக் காசு அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளே, அடுத்த முறை தொலைபேசியில் இதையும் கேளுங்கள்: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கையில் இருக்கிறதா? சட்டத்தரணியைக் கண்டாயிற்றா?

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “எழுத்து அப்படித் தம்பி” என்றார். லொறியின் இலக்கம் எழுதிய துண்டை இன்னமும் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார்.