உடம்பு சொல்வதும் சொல்லாததும்

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கும்போது யாருக்கும் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. ஏறும்போதுதான் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். ஊர் திரும்பிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடை பிடித்துக்கொள்ளும். ‘அத்தனை படி ஏறினோமே, அதனால்தான்’ என்பார்கள்.

உண்மையில் அந்த வலியில் பெரும்பங்கு இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு அது கடினமான வேலை. நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒரு நாள் கழித்து வலி தலைகாட்டும். சில நாளில் தானாகவே ஆறிவிடும்.

‘உடம்பு சொல்வதைக் கேளுங்கள்’ என்று இப்போது எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் உடம்பு தாமதமாகச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது, சிலவற்றை வாய் திறந்து சொல்லவே சொல்லாது. இந்த மூன்றும் தெரிந்தால்தான் அந்த அறிவுரை பயன்படும்.

முதலில் சாப்பாடு. வயிறு காலியானால் பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கிறது. தினமும் சாப்பிடும் நேரம் நெருங்கினாலும் அது கூடும். அதனால் மதியம் ஒரு மணிப் பசியில் பழக்கத்துக்கும் பங்குண்டு. நிறைவு அப்படி உடனே வருவதில்லை. இரைப்பை விரிவதை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்க வேண்டும். உணவு குடலை எட்டி அங்கே சுரப்பவையும் சேர வேண்டும். இதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு எழுகிறவர் ‘போதும்’ என்ற சொல் வருவதற்கு முன்பே அளவைத் தாண்டிவிடுகிறார். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘மருந்து’. அதன் பத்துக் குறளில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியது: முன்பு உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பின் உண், அளவறிந்து உண்.

எதைச் சாப்பிடுவது என்பதற்கும் கொல்லிமலையே பாடம். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வந்தார்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள். பிறகு சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. ரேஷன் அரிசியும் வந்தது. உரலில் சாமை குத்தும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் சாமை குறைய ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்து, உமி நீக்கும் எந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது.

இன்று அதே சாமையைச் சமவெளிக்காரர்கள் மருந்துபோல வாங்கிப் போகிறார்கள். 100 கிராம் சாமையில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து, ஏழரை கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. சாமை மேல்தான். ஆனால் கலோரியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு பங்கு சாப்பிட்டால் லாபம் போய்விடும். மேல்தோல் போகத் தீட்டிய சாமையில் நார்ச்சத்தும் குறைந்துவிடும். தவிர, அதை உண்டு வளர்ந்தவர்கள் சரிவில் உழுதார்கள், சுமை தூக்கி மேடேறினார்கள்.

இங்கேதான் உடம்பைக் கேட்க வேண்டும். சாப்பிட்ட பின் மறுபடி பசிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது? கண் சொக்குகிறதா? வயிறு உப்புகிறதா? நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதலில் முரண்டு பிடிக்கும். அதற்காகச் சாமை ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்ட வேண்டாம். அளவைக் குறைத்துத் தொடங்கி, மெல்லக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதம் எது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே அளவு. தசை முழுவதும் பரவி, நாளுக்கு நாள் குறையும் வலி பயப்பட வேண்டியதல்ல. மூட்டில் ஒரே இடத்தில் குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேட்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குப் படியேறும்போது கை நடுங்கி வியர்த்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும்.

மலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று பலரும் குடிக்கிறார்கள். படியேறி வந்து உட்கார்ந்து சூடாகக் குடித்தால் இதமாகத்தான் இருக்கும். அந்த இதத்தில் ஓய்வுக்கும் சூட்டுக்கும் பங்குண்டு. இதமாக இருந்தது என்பதால் நோய் தீர்ந்தது என்று ஆகாது.

கடைசியாக, உடம்பு சொல்லாதவை. ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கூடும். சர்க்கரையும் தொடக்கத்தில் அப்படித்தான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணித்தது. ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்பது இந்த நோய்கள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ரத்தசோகை வேறு விதம். அது சொல்லும், நாம்தான் தவறாகக் கேட்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அவர்களின் களைப்புக்குச் சோம்பல் என்று வீடே பெயர் வைத்துவிடுகிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை. நடைப்பயிற்சி பற்றிய உபதேசம் பிறகு இருக்கட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். 30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, இந்தப் பணியாளர்களிடமோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்த்துக்கொள்ள வேண்டும். பசி, நிறைவு, மூச்சு, வலி ஆகியவற்றுக்கு உங்கள் உடம்பை நம்புங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனையை நம்புங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்பவரே உடம்பு சொல்வதை முழுதாகக் கேட்டவர்.