கையொப்பம் ஒன்றுக்கு, நம்பிக்கை மற்றதற்கு

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியின் கொழும்பு விஜயத்தின்போது, இரு நாடுகளுக்கும் இடையே பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் வாசகம் அன்று வெளியிடப்படவில்லை. எதிர்க்கட்சியினர் கேட்டும் பல வாரங்களாகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படவில்லை. இந்தியாவுக்கு எதிராக இலங்கை மண்ணைப் பயன்படுத்த எவருக்கும் இடமளிக்க மாட்டோம் என்று ஜனாதிபதி அனுரகுமார திசாநாயக்க மீண்டும் உறுதியளித்தார். அதே நாளில், இலங்கை அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்தி மாகாண சபைத் தேர்தல்களை நடத்தும் என்ற தமது நம்பிக்கையை மோடி வெளியிட்டார்.

வாசகர்கள் இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். பாதுகாப்புக்குக் கையொப்பம் கிடைத்தது. தமிழருக்கு நம்பிக்கை மட்டுமே கிடைத்தது.

இவ்விரண்டு விடயங்களும் ஒரே நாளில் பிறந்தவை. 1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் செய்த உடன்படிக்கை மாகாண சபைகளுக்கு வழிவகுத்தது. அன்று பரிமாறப்பட்ட கடிதங்களோ, இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலை முதலிய துறைமுகங்களை எந்த நாட்டினதும் இராணுவப் பாவனைக்கு வழங்கலாகாது என்றன. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாக இயக்க வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தது.

இரண்டும் என்னவாயின? 99 குதங்கள் தொடர்பில் 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் செய்யப்பட்டது. துறைமுகம் பற்றிய உறுதிமொழி 2025 இல் ஜனாதிபதியின் வாயாலேயே புதுப்பிக்கப்பட்டது. மறுபக்கத்தில், இணைந்திருந்த வடக்கு கிழக்கை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்தது. அந்த வழக்கில் முன்னின்றது ஜே.வி.பி. காணி, பொலிஸ் அதிகாரங்கள் எந்த மாகாணத்துக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மோடி கொழும்பில் இறங்கிய நாளில் அது ஆறரை வருடங்களாக வெறுமையாகக் கிடந்தது.

1987 உடன்படிக்கையை எதிர்த்து ஆயுதம் தூக்கிய கட்சியின் தலைவரே இன்று புதுடில்லியுடன் பாதுகாப்பு உடன்பாடு காண்கிறார். அதை நான் குறை கூறவில்லை. அயலவரோடு பகைத்து எந்தத் தீவும் வாழ்ந்ததில்லை. ஆனால் அந்த மனமாற்றம் உடன்படிக்கையின் ஒரு பாதியோடு நின்றுவிட்டது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பாதுகாப்பு விவகாரம் இரகசியமாகத்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். படை நடவடிக்கை இரகசியமாக இருக்கலாம். நாடு ஏற்றுக்கொண்ட கடப்பாடு இரகசியமாக இருக்கக் கூடாது. சர்ச்சைக்குரிய அந்த 1987 கடிதங்களைக்கூட நாம் வாசிக்க முடிந்தது. 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கொண்டுவந்த நாட்டில் 2025 இன் வாசகத்துக்கு மட்டும் ஏன் திரை?

இந்தியாவின் பிடி இறுகினால் நமக்கு நல்லது என்று நம்பும் தமிழரும் இருக்கிறார்கள். ஏறத்தாழ 38 வருடக் கணக்கை அவர்கள் முன் வைக்கிறேன். டில்லி தனக்கு வேண்டியதை எழுத்தில் கேட்கிறது, பெறுகிறது. நமக்கு வேண்டியதைப் பேச்சில் கேட்கிறது, மறுமொழி பெறாமல் திரும்புகிறது.

எனவே நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டியவை இரண்டு. உடன்படிக்கையின் முழு வாசகம் மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்துக்கு வரவேண்டும். இரு அரசுகளும் அடுத்த முறை பாதுகாப்புப் பற்றிப் பேச அமரும்போது, மாகாண சபைத் தேர்தலுக்கான திகதியும் எழுத்தில், அதே மேசையில் இருக்க வேண்டும்.