நெடும்பயணம் போவோம், பள்ளி நாள்களைச் செலவழிக்காமல்!



கோறனி நச்சிலின் பிடியிலிருந்து நாட்டின் எல்லைகள் விடுபட்டு ஆண்டுகள் சில கடந்துவிட்டன. ஆயினும், அக்காலத்தில் நம் இல்லங்களுக்குள் புகுந்த ஒரு பழக்கம் இன்னும் வெளியேறவில்லை. “கதவு திறந்திருக்கும்போதே போய்வந்து விடுவோம்; மறுபடியும் எப்போது அடைப்பார்களோ!” எனும் அவசரத்தில், பள்ளி நடக்கும் நாள்களிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு வாரம், மூன்று வாரம் எனத் தொலைதூர நாடுகளுக்குப் புறப்படும் பழக்கமே அது. அன்று அந்த அவசரத்தைப் புரிந்துகொள்ள முடிந்தது. இன்று அதற்கு நியாயம் இல்லை என்பது என் கருத்து.

பயணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை இலண்டன் தேம்சு நதியையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் நேரில் காண வேண்டும் என்று விரும்புகிறவர்களுள் நானும் ஒருவன். ஆனால், அந்தப் பயணத்தை எந்த நாள்களில் வைப்பது, எந்தப் பணத்தில் வைப்பது, யாரோடு அமர்ந்து திட்டமிடுவது என்னும் மூன்றையும் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கதவு திறந்த வேளை

நடந்ததைச் சற்றே நினைவுகூர்வோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு சூலையில் தொடக்கப்பள்ளிகள் திறந்து, நவம்பரில் மீண்டும் மூடின. 2021 மார்ச்சில் திறந்து, மே மாதத்தில் மறுபடியும் மூடின. அக்டோபரில்தான் படிப்படியாகத் திறந்தன. அந்த ஈராண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஒருமுறை இரத்தாகி, அடுத்து முற்றாகவே அகற்றப்பட்டது.

பயணத்தின் கதவுகளும் ஒவ்வொன்றாகவே திறந்தன. நம் கெடா மாநிலத்து இலங்காவித் தீவு 2021 செப்டம்பர் 16ஆம் நாள் முன்னோட்டமாக உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அக்டோபர் 11ஆம் நாள் மாநிலம் கடக்கும் தடை நீங்கிற்று. 2022 ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லைகள் திறந்தன. மே முதல் நாளிலிருந்து முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை என்றானது. ஆகஸ்டு முதல் நாள் எஞ்சியிருந்த நுழைவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின.

இந்த நாள்களைப் பள்ளி நாள்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை 2022 பிப்ரவரி இறுதியில் முடிந்து நீண்ட விடுமுறை விட்டார்கள். வெள்ளியும் சனியும் வார விடுமுறையான நம் கெடாவில், புதிய தவணை மார்ச் 20ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. எல்லை திறந்ததோ அதற்குப் பன்னிரண்டு நாள்கள் கழித்து! நீண்ட விடுமுறை முடிந்த பிறகே வெளிநாட்டுக் கதவு திறந்தது. ஈராண்டுக்காலம் அடக்கி வைத்திருந்த பயண ஆசை நேராக வந்து மோதியது புதிய தவணையின் முதல் மாதங்களில்தான். குடிநுழைவுத் துறை அலுவலகங்களில் கடப்பிதழ் எடுக்க விடியுமுன்னே மக்கள் வரிசை பிடித்த காலம் அது.

2020 சனவரியில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைத்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். எழுத்துகளை எழுதிப் பழகிய மூன்றாம் மாதமே பள்ளி மூடிற்று. இல்லிருப்புக் கற்றல் என்றார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதற்கு மூன்று பிள்ளைகள், தோட்டத்தில் அலைவரிசையோ மரத்தடியில் மட்டும்! அந்தப் பிள்ளை மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து அமர்ந்த வேளையில், ‘மலிவாகக் கிடைத்தது’ என்று மேலும் மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டால், இழப்பின்மேல் இழப்பு அல்லவா?

சிறிய பள்ளியில் பெரிய வெற்றிடம்

நகரத்தில் முப்பத்தைந்து பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒரு மாணவர் மூன்று வாரம் வராவிட்டால் வகுப்பு நகர்ந்துவிடும். நம் தமிழ்ப்பள்ளிகளின் நிலை வேறு. கோலக்கெட்டில், பாலிங், பீடோங் வட்டாரங்களிலும் பிற இடங்களிலும் ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கும் குறைவாகப் படிக்கும் தோட்டப் பள்ளிகள் உள்ளன. அக்காள் தங்கை பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எனப் பலரும் ஒரே பள்ளியில் படிப்பது வழக்கம். ஒரு குடும்பம் கூட்டாகப் பயணம் போனால், ஒரு வகுப்பே பாதியாகிவிடும். ஆசிரியர் பாடத்தை நடத்தினால் போனவர்களுக்கு இழப்பு. நிறுத்தி வைத்தால் இருப்பவர்களுக்கு இழப்பு. ஆகவே, பள்ளி நாள் என்பது ஒரு குடும்பம் தன் விருப்பப்படி செலவழிக்கும் சொந்தச் சேமிப்பு அன்று. அது வகுப்பிலுள்ள அனைவருக்கும் பொதுவானது.

தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. தக்க காரணமின்றித் தொடர்ந்து வராத மாணவரின் பெற்றோருக்குப் பள்ளி எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கும். அக்கடிதத்திற்கு அஞ்சி அல்ல, அது எதற்காக எழுதப்படுகிறது என்பதை உணர்ந்து நாம் நடக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊரிலே தாத்தா இறுதி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அது சுற்றுலா ஆகாது. அந்த ஈராண்டில் எத்தனையோ பேர் பெற்ற தாயின் முகத்தையும் கடைசியாகக் காண முடியாமல் கைப்பேசித் திரையிலே கண்ணீர் விட்டார்கள். அத்தகைய பயணத்திற்கு எந்த ஆசிரியரும் தடை சொல்லக்கூடாது. பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் பேசுவது விருப்பத்திற்குப் போகும் விடுமுறைப் பயணத்தைப் பற்றியே.

“விடுமுறையில் விலை ஏறுகிறதே!”

பெற்றோர் சொல்லும் மறுமொழியும் எனக்குத் தெரியும். “பள்ளி விடுமுறையில் விமானச் சீட்டு விலை ஏறிவிடுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் எப்படிப் போவது? அப்பா பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்; அவருக்கு விடுப்பு கிடைக்கும் நாள் வேறு” என்பார்கள். உண்மைதான். பினாங்கில் சனி, ஞாயிறு ஓய்வு. கெடாவில் வெள்ளி, சனி ஓய்வு. எல்லை தாண்டி வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றே. இத்தகைய குடும்பம் ஒன்றாக நாள் கழிக்க ஏங்குவதில் வியப்பில்லை.

ஆனால், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத் தவணை விடுமுறையில் கெடா பிள்ளைக்கு முன்பின் வார இறுதிகளையும் சேர்த்து ஒன்பது நாள்கள் கிடைக்கின்றன. பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பர் முதல் நேரடி விமானச் சேவை தொடங்கியிருக்கிறது. எனவே, தமிழகம் போய்வர ஒன்பது நாள்களே போதும். இலண்டன் போன்ற நெடுந்தொலைவுக்கு அது போதாது. கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு மட்டும் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். போகவும் வரவும் இரண்டிரண்டு நாள் கழிந்துவிடும். குளிர்காலத்தில் எட்டு மணி நேர வேறுபாடு. பிள்ளையின் தூக்கம் நேர்படவே பல நாள்கள் ஆகும். ஆகவே, நெடும்பயணத்திற்கு ஏற்றது ஆண்டிறுதி நீண்ட விடுமுறை மட்டுமே. நச்சிலால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருந்த பள்ளித் தவணை, 2026 சனவரியில் மீண்டும் ஆண்டின் தொடக்கத்திற்கே திரும்பிவிட்டது. டிசம்பரில் நீண்ட விடுமுறை என்னும் பழைய வசதி நமக்கு மறுபடியும் வாய்த்திருக்கிறது.

டிசம்பரில் விலை ஏறும் என்பது மெய்யே. அதற்கு மருந்து, ஆண்டுதோறும் பறக்க நினைக்காமல், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நெடும்பயணம் என்று வைத்துக்கொண்டு, பள்ளி நாள்காட்டி வெளிவந்தவுடனே சீட்டுகளைப் பதிவதுதான். நம் முன்னோர் அப்படித்தான் போனார்கள். ‘இரஜூலா’, ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ ஆகிய கப்பல்கள் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் ஓடிய காலத்தில், பால் மரம் சீவிய குடும்பம் பல்லாண்டு சேமித்து ஒருமுறை ஊருக்குப் போய்வரும். பின்னர் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழியும் நின்றுபோனது. தனிமைப்படுத்தலும் அவர்களுக்குப் புதிதன்று. தமிழகத்திலிருந்து வந்திறங்கியவர்கள் பினாங்கை அடுத்த ஜெரேஜாக் தீவில் தங்க வைக்கப்பட்டு, நோயில்லை எனக் கண்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பொறுமையில் கொஞ்சமேனும் நமக்கும் வேண்டாமா?

எந்தப் பணம்?

எல்லை திறந்த அதே 2022 ஏப்ரலில்தான் ஊழியர் சேமநிதியிலிருந்து பத்தாயிரம் ரிங்கிட் வரை எடுக்கும் சிறப்பு அனுமதியும் வந்தது. அதற்கு முன் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என மூன்று திட்டங்கள். நான்கிலும் சேர்த்து 14,500 கோடி ரிங்கிட் வெளியே போயிற்று. வேலையிழந்த குடும்பத்திற்கு அது அரிசி வாங்கிய பணம். அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், முதுமைக்கென வைத்த பணத்தில் விமானம் ஏறுவது விரலுக்கு மீறிய வீக்கம். 2024 மே மாதம் முதல் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கத்தக்க மூன்றாம் கணக்கும் இருக்கிறது. கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதனைத் தொட்டுவிட வேண்டாம். பயணத்திற்கெனத் தனியே ஓர் உண்டியல் வையுங்கள். அது நிறையும்போது போங்கள்.

உண்டியலுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியவை பத்திரங்கள். கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் 60 வயதைக் கடந்தோருக்கும் 100 ரிங்கிட். பிரிட்டன் செல்ல 2025 சனவரி முதல் மலேசியரும் முன்கூட்டியே மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். இந்தியாவுக்கு விசா வேண்டும். இவையெல்லாம் பணம் கட்டினால் முடியும் வேலைகள். தோட்டப்புறங்களில் சிலருக்கோ பிறப்புப் பத்திரமே சிக்கலாக இருக்கிறது. பாட்டியிடம் இன்னும் சிவப்பு அடையாள அட்டை இருக்கும். பிள்ளையின் பத்திரத்தில் தந்தை பெயர் இருக்காது. 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்தியும் தீராத சிக்கல் இது. பயணம் போகிறோமோ இல்லையோ, எல்லாருடைய பத்திரங்களையும் ஒருமுறை எடுத்துச் சரிபாருங்கள். குறையிருந்தால் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகுமுன்னே தேசியப் பதிவுத் துறையை நாடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை

பெற்றோரிடம் இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், நாமும் அவ்வாறே நடக்க வேண்டும். அரசு ஊழியர் என்னும் முறையில் வெளிநாடு செல்ல முன் அனுமதி பெறுகிறோம். அந்த விண்ணப்பத்தில் எழுதும் நாள்கள் பள்ளி விடுமுறை நாள்களாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. நீண்ட விடுமுறை முடிந்து வந்ததும் ‘விடுமுறையை நான் கழித்த விதம்’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுக்கிறோம். ஒரு பிள்ளை ஈபிள் கோபுரத்தைப் பற்றி எழுதும். பக்கத்துப் பிள்ளை அம்மாவோடு உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கியதை எழுதக் கூச்சப்பட்டு, வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு முன்பே ‘நான் திட்டமிடும் ஒரு பயணம்’ என்று கொடுத்துப் பாருங்கள்! திட்டமிடுவதற்குச் சீட்டு வாங்கத் தேவையில்லை. ஐந்து பேருக்குச் செலவைக் கணக்கிடுவதும், சென்னையில் இப்போது மணி என்ன, இலண்டனில் என்ன என்று கண்டுபிடிப்பதும், ஒன்பது நாள்களைப் பகிர்ந்து நிரல் எழுதுவதும் கணிதமும் தமிழும் சேர்ந்த பாடமாகும். தொலைதூரம் போக இயலாத பிள்ளை, இராசேந்திர சோழன் 1025இல் படை செலுத்திய கடாரத்தின் சின்னங்களைக் காண மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்குத் திட்டமிடட்டும். அங்கே உண்மையாகவே அழைத்துப் போகப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முடியும்.

பெற்றோரும் இந்தக் கணக்குகளைப் பிள்ளையோடு மேசையில் அமர்ந்து போடுங்கள். ‘ஏன் இந்த ஆண்டு போகவில்லை?’ என்பதற்கான விடையைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். காத்திருந்து, சேர்த்து, திட்டமிட்டுப் போகும் பயணமே பிள்ளையின் நெஞ்சில் நிற்கும்.

வானத்தின் கதவு இனி நாளையும் திறந்திருக்கும், அவசரம் வேண்டாம். மூன்றாம் ஆண்டு வகுப்பின் இந்த வாரம் மட்டும் மீண்டும் வராது.

சிந்திப்போம், செயல்படுவோம்.